இரண்டு புள்ளி வைத்த பெல்ட்டு

போடிநாயக்கனூரிலிருந்து மலை உச்சியில் இருக்கிற மெட்டுக்குப் போகிற ரோட்டில், வீடுகள் முடிந்து புளியமரங்கள் ஆரம்பிக்கிற இடத்தில், 'சோலை மோட்டார் ஒர்க்ஸ்' என்று ஒரு பட்டறை இருந்தது. அதற்குத் தகரம் போட்டது, தரைக்குச் சிமெண்டு பூசியது, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கக் குழி வெட்டியது எல்லாம் ஜக்கையன். சோலை அவருடைய தம்பி. எழுபத்து மூன்றில் போர்டு எழுத வந்த ஆள், "ஓம் பேரைப் போடாம எதுக்குப்பா சின்னப் பய பேரு?" என்று கேட்டான். "எம் பேரு எனக்குத் தெரியும். அவன் பேரு ஊருக்குத் தெரியட்டும்" என்றார் ஜக்கையன். சோலை அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தான்.

ஜக்கையன் படித்தது பொட்டிபுரத்தில் அஞ்சாவது வரைக்கும்தான். தோட்டத்துக் கிணற்றில் இருந்த ஆயில் எஞ்சின் அடிக்கடி நின்றுபோகும். அதைப் பிரித்துப் பிரித்து மாட்டியதில் வந்த ஆசை அவரைத் தேனியில் ஒரு லாரிப் பட்டறைக்குக் கொண்டுபோய் விட்டது. எட்டு வருஷம் அங்கே கிடந்தார். படிப்பு இல்லாத குறையை அவர் ஒழுங்கால் ஈடு கட்டினார். கழற்றிய போல்ட்டுகளைத் தரையில் போட மாட்டார். ஒரு மாம்பலகையில் துளை போட்டு வைத்திருந்தார். கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொரு போல்ட்டும் அந்தத் துளைகளில் போய் நிற்கும். மாட்டும்போது கடைசியிலிருந்து எடுத்து வருவார். பழைய சாமானை எடைக்குப் போட மாட்டார். செய்தித்தாளில் சுற்றி வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவார். "இதைத்தான் கழட்டுனேன், பாத்துக்கங்க."

இதற்கெல்லாம் மேல் இன்னொரு பழக்கம். ரப்பர் சாமான் எதுவாக இருந்தாலும், மாட்டுவதற்கு முன் கோணி ஊசியை அடுப்பில் காய்ச்சி அதன் முதுகில் ஓரமாக ஒரு புள்ளி வைப்பார். அந்த வண்டிக்கு அது முதல் தடவை என்றால் ஒரு புள்ளி, இரண்டாம் தடவை என்றால் இரண்டு. கடுகு அளவுதான் இருக்கும். எழுதினால் எண்ணெய் பட்டு அழிந்துவிடும். சுட்டது அழியாது.

"எங்க அண்ணன் பெல்ட்டுக்குப் பொட்டு வச்சு, பூ வச்சுத்தான் அனுப்புவாரு" என்று சோலை கேலி செய்வான். பட்டறைக்கு வருகிற டிரைவர்கள் சிரிப்பார்கள். ஜக்கையனும் சிரிப்பார். தம்பி பேசினால் அவருக்கு எதுவும் குத்தாது.

சோலையை மதுரைக்கு அனுப்பி மோட்டார் மெக்கானிக் படிப்பு படிக்க வைத்தார். அந்தச் சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு, பட்டறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டினார். இங்கிலீஷில் இருந்ததை அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்த வரியில் தம்பியின் பெயர் இருக்கிறது என்று தெரியும். வருகிற ஆட்களுக்கு விரல் வைத்துக் காட்டுவார். அதே இடத்தில் விரல் பட்டுப் பட்டுக் கண்ணாடியில் ஒரு எண்ணெய்க் கறை விழுந்திருந்தது.

எண்பத்து நாலில் ஏலக்காய் வியாபாரி வெள்ளைத்துரை தன் அம்பாசடர் காருக்குப் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைக்க ஆசைப்பட்டார். மலையில் அவருக்குத் தோட்டம் இருந்தது. வாரம் மூன்று தடவை மெட்டு ஏறி இறங்க வேண்டும். பம்பாயில் உடைத்த கார்களிலிருந்து எடுத்த ஜப்பான் எஞ்சின்கள் அப்போது விலைக்குக் கிடைத்தன. ஒன்றை வரவழைத்தார்கள். பெட்டியைப் பிரித்து முன்பக்கத் தகர மூடியைக் கழற்றியதும் ஜக்கையன் அசந்துபோனார். உள்ளே சங்கிலி இல்லை. பல் வைத்த ரப்பர் பெல்ட்டு ஒன்று இருந்தது.

"என்னடா இது, மாவு மில்லுல ஓடுற மாதிரி?"

"டைமிங் பெல்ட்டுண்ணே. இனிமே எல்லாம் இதான்" என்றான் சோலை. "கீழ பிஸ்டன் ஏறி இறங்குதுல்ல, மேல வால்வு தெறந்து மூடுதுல்ல, ரெண்டுக்கும் தாளம் போட்டுக் குடுக்கறது இந்தப் பெல்ட்டுதான். தாளம் தப்புனா பிஸ்டன் மேல வந்து தெறந்திருக்க வால்வை இடிச்சிரும்."

"அந்து போச்சுன்னா?"

"அம்புட்டுத்தான். வால்வெல்லாம் கோணிக்கிரும்."

ஜக்கையன் அந்தப் பெல்ட்டின் பல்லை இரண்டு தடவை எண்ணினார். நூற்றுப் பதினேழு. ஒரு புள்ளி வைத்து மாட்டினார். மூன்று வருஷத்துக்கு மேல் இதை நம்பக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டார்.

மூன்று வருஷம் ஆனது. எண்பத்து ஏழு பங்குனியில் புதுப் பெல்ட்டு ஒன்று பம்பாயிலிருந்து பார்சலில் வந்தது. அதற்காக மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜக்கையன் இரண்டு புள்ளி வைத்தார். கார் பட்டறைக்கு வந்த அன்றைக்கு அவருடைய அம்மாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷனுக்கு நாள் கிடைத்தது. புதுப் பெல்ட்டைத் தம்பி கையில் கொடுத்தார்.

"நீ பாத்துக்கிருவியா, இல்ல நான் வந்து மாட்டவா?"

"அண்ணே, நீ ரயிலைப் பிடி. எனக்குத் தெரியாதா?"

ஒரு வாரம் கழித்துத் திரும்பினபோது கார் போயிருந்தது. "மாட்டியாச்சு. பழசைப் பேப்பர்ல சுத்தி மொதலாளிகிட்டக் குடுத்தாச்சு" என்றான் சோலை. ஜக்கையன் அதற்கு மேல் கேட்கவில்லை. வேறு யாராவது மாட்டியிருந்தால் மூடியைக் கழற்றிப் பார்த்திருப்பார்.

ஆவணி மாதம் ஒரு காலையில், ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம், ஒரு ஜீப்பு அந்தக் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தியது. காரின் இடது பக்க மட்கார்டு நசுங்கி, மண் அப்பியிருந்தது. பின்னாலேயே இன்னொரு வண்டியில் வெள்ளைத்துரை வந்து இறங்கினார். காரின் டிரைவர் வீரையா ஒரு ஓரமாக நின்றான். பன்னிரண்டு வருஷமாக அந்தக் குடும்பத்துக்குக் கார் ஓட்டுகிறவன். அவன் சட்டைக் கையில் ரத்தம் காய்ந்திருந்தது. அவனுடைய ரத்தம் இல்லை.

மெட்டிலிருந்து இறங்கும்போது பதினோராவது கொண்டை ஊசி வளைவில் படார் என்று ஒரு சத்தம், எஞ்சின் செத்துவிட்டது. வீரையா பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கம் மண்ணில் காரைச் சாத்தி நிறுத்தியிருக்கிறான். பின்னால் உட்கார்ந்திருந்த வெள்ளைத்துரையின் மருமகளுக்கு நெற்றியில் மூன்று தையல். மாசமாக இருந்த பெண்.

"ஜக்கையா, பெல்ட்டு போட்டு எத்தனை மாசம் ஆச்சு?" என்றார் வெள்ளைத்துரை.

"அஞ்சு மாசம் மொதலாளி."

"பெறகு எப்பிடி?"

வாசலில் ஜீப்பு டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். ஜக்கையன் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அடுத்துச் சொன்ன சொல் அவர் வாயிலிருந்து வந்திருக்காது. மலை ரோட்டில் டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று கியரை எடுத்துவிட்டு, வண்டியை நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிற டிரைவர்கள் உண்டு. வளைவு வந்ததும் வேகத்தோடு கியரைத் திணிப்பார்கள். எஞ்சின் அலறும். பல பெரிய சேதம் அப்படித்தான் வரும். அவருக்கு அது ஒன்றுதான் தோன்றியது.

"நியூட்ரல்ல விட்டுட்டு வந்து கியரைத் திணிச்சா எந்த எஞ்சினும் தாங்காது மொதலாளி. பெல்ட்டு மேல குத்தம் சொல்ல முடியாது. அதை மாட்டுனது என் தம்பி."

வீரையா நிமிர்ந்து பார்த்தான். "அண்ணே, மெட்டுலருந்து செகண்ட் கியர்லதான் வந்தேன். பிள்ளைத்தாச்சிய வச்சுக்கிட்டு நான் நியூட்ரல்ல விடுவேனா?"

"அப்பொ பெல்ட்டு தானா அந்துச்சாக்கும்?" என்றார் ஜக்கையன். "சோலை, நீ சொல்லுப்பா."

சோலை கையைக் கழிவுத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் துடைத்தான். "அப்பிடித்தான் ஆகும் மொதலாளி. கியரைத் திணிச்சா அறுந்துரும்" என்றான்.

படித்தவன் சொன்னதற்குப் பிறகு அங்கே பேச்சு இல்லை. வெள்ளைத்துரை வீரையாவிடம் கையை நீட்டினார். வீரையா சாவியை அந்தக் கையில் வைக்காமல் காரின் பானட்டு மேல் வைத்துவிட்டு நடந்தான். கூட்டத்தில் ஒருவன், "போற வழியில கியரைப் போட்டுப் போப்பா" என்றான். சிரித்தார்கள்.

எல்லோரும் போன பிறகு சோலை சொன்னான்: "நீ விடு அண்ணே, இதை நான் பிரிக்கிறேன்."

தம்பிக்கு எவ்வளவு அக்கறை என்று ஜக்கையனுக்கு மனசு நிறைந்தது. "வேணாம்ப்பா. வீட்டுப் பொண்ணுக்கு அடிபட்ட வண்டி. நானே பிரிக்கிறதுதான் மரியாதை" என்றார்.

சோலை கையிலிருந்த துணியை ஆணியில் மாட்டினான். பிறகு பூப்பாறையில் ஒரு சோலி இருக்கிறது, ரெண்டு நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். பூப்பாறை மெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருக்கிறது. சட்டை மாற்றப் போனவன் கையில் பெரிய பையாக எடுத்துக்கொண்டு போனதை ஜக்கையன் பார்த்தார். பார்த்ததை மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

பலகையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முன் மூடியின் ஆறு போல்ட்டுகளைக் கழற்றினார். மூடியை எடுத்ததும் அறுந்த பெல்ட்டு ஒரு செத்த பாம்பு மாதிரி கீழே தொங்கியது. உருவி எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பற்களின் அடியில் வெடிப்பு. நாலைந்து பல் வேரோடு போயிருந்தது. அஞ்சு மாசப் பெல்ட்டு இப்படி இருக்காது. துணியில் பெட்ரோல் நனைத்து முதுகைத் துடைத்தார். துணி கறுத்தது. பூட்ஸ் பாலிஷ் வாடை அடித்தது.

ஓரமாக விரல் நகத்தால் தடவிக்கொண்டே போனார். ஒரு புள்ளி தட்டுப்பட்டது. இரண்டாவது புள்ளி அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இல்லை. முழுப் பெல்ட்டையும் மூன்று தடவை தடவினார். ஒரு புள்ளிதான். அவர் எண்பத்து நாலில் வைத்த புள்ளி.

கொஞ்ச நேரம் ஜாக்கி மேல் உட்கார்ந்திருந்தார். மனசு அப்போதும் தம்பிக்குத்தான் வழி தேடியது. மறந்து மாற்றிப் போட்டிருப்பானோ? புதுசு என்று நினைத்துப் பழசை மாட்டியிருப்பானோ? அப்படியானால் புதுசு, செய்தித்தாளில் சுற்றி மொதலாளி வீட்டில் அல்லவா இருக்கும்.

கையைக் கழுவிக்கொண்டு வெள்ளைத்துரை வீட்டுக்குப் போனார். காரணம் சொல்லாமல் அந்தப் பழைய பெல்ட்டைக் கேட்டார். வெள்ளைத்துரையின் மனைவி பரணிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். கட்டிய சணல்கூட அவிழ்க்காமல் இருந்தது. அங்கேயே வராந்தாவில் வைத்துப் பிரித்தார். ஒரு பழைய பெல்ட்டு. பல்லை எண்ணினார். தொண்ணூற்றெட்டு. புள்ளியே இல்லை. எந்த ஊர், எந்த எஞ்சின் என்று தெரியாத ஒரு பெல்ட்டு.

மறதியில் இப்படி நடக்காது. பழசைத் துடைத்து, பாலிஷ் போட்டு, திரும்ப மாட்டி, கொடுப்பதற்கென்று வேறொன்றைத் தேடி எடுத்து, பேப்பரில் சுற்றி, சணலால் கட்டியிருக்கிறான். அண்ணனுடைய பழக்கங்கள் ஒவ்வொன்றையும் தெரிந்து வைத்திருந்தவன், ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டிருக்கிறான்.

திரும்பி வரும்போது ஜீப்பு ஸ்டாண்டில் வீரையாவைப் பார்த்தார். மெட்டுக்குப் போகிற பெண்களை ஜீப்புக்குள் நெருக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தான். ஓட்ட அவனுக்கு யாரும் வண்டி கொடுக்கவில்லை. "ஏய் நியூட்ரல், இன்னும் ரெண்டு பேரு ஏத்து" என்று ஒரு டிரைவர் கூப்பிட்டான். ஒரே நாளில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வீரையா ஜக்கையனைப் பார்த்தான். பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

மறுநாள் காலை முதல் பஸ்சில் ஜக்கையன் மெட்டு ஏறினார். பதினோராவது வளைவில் மலை மண்ணில் கார் உரசின தடம் தெரிந்தது. எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்தார். கீழே அடிவாரத்து முந்தல் வரைக்கும் ஒன்றுமே இல்லை, காற்றுதான்.

அந்த மலை முழுக்க அதே ஜப்பான் எஞ்சின் வைத்த வண்டி இன்னொன்றுதான் உண்டு. பூப்பாறையில் ஒரு மரக் காண்ட்ராக்டருடைய ஜீப்பு. அதற்குப் பெல்ட்டு கிடைக்கவில்லை என்று தையிலிருந்தே அவர் சோலையிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஜக்கையனுக்குப் பஸ்சில் உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பூப்பாறைக் கடைவீதி தாண்டி, புதுத் தகரம் போட்ட ஷெட்டு ஒன்று. வாசலில் அந்த ஜீப்பு. உள்ளே சோலை. மேலே போர்டு இன்னும் எழுதவில்லை, வெள்ளை மட்டும் அடித்துக் காயப் போட்டிருந்தது.

காண்ட்ராக்டர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். ஜக்கையன் யாரென்று தெரிந்ததும் எழுந்து, "உங்கட அனியன் நல்ல பணிக்காரனாணு கேட்டோ. எவிடயும் கிட்டாத்த பெல்ட்டு கொண்டு வந்நு" என்றார். எங்கேயும் கிடைக்காத பெல்ட்டைக் கொண்டுவந்தவன் என்று தம்பியைப் புகழ்ந்த வார்த்தை ஜக்கையனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கசந்தது. காண்ட்ராக்டருக்கு ஒன்றும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனார்.

"மூடியைக் கழட்டு" என்றார் ஜக்கையன்.

"எதுக்குண்ணே."

"கழட்டு. இல்ல ஸ்பானரைக் கொண்டா, நான் கழட்டுறேன்."

சோலை கழற்றினான். போல்ட்டுகளைத் தரையில் போட்டான். ஒன்று உருண்டு ஓடியது. ஜக்கையன் குனிந்து அதை எடுத்து மற்றவைகளோடு வரிசையாக வைத்துவிட்டுப் பிறகு பெல்ட்டைப் பார்த்தார். எஞ்சினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினார். இரண்டு புள்ளிகள் அடியிலிருந்து மேலே ஏறி வந்தன.

"பழசு நல்லாத்தாண்ணே இருந்துச்சு" என்றான் சோலை. "இன்னும் ஆறு மாசம் தாங்கும்னு பாத்தேன். அதுக்குள்ள வேறொண்ணு வரவழைச்சு, ஒனக்குத் தெரியாமயே மாத்தியிருப்பேன். இவரு ஷெட்டு போட்டுத் தர்றேன்னாரு. பெல்ட்டு கொண்டாந்தாத்தான்னாரு."

"ஒனக்கு ஒரு பட்டறை இருக்கேடா. போர்டுல ஓம் பேருதான இருக்கு."

"பேரு மட்டுந்தாண்ணே இருக்கு. வர்றவன் போறவன் அம்புட்டுப் பேரும் ஜக்கையன் பட்டறைன்னுதான் சொல்றான். ஒரு நட்டை நான் முடுக்குனா நீ வந்து இன்னொரு தடவை முடுக்கிப் பாப்ப. இந்த ஒரு பெல்ட்டைத்தான் நீ தொட்டுப் பாக்கல."

ஜக்கையனுக்கு அதில் ஒரு நியாயம் இருப்பதாகக்கூடத் தோன்றியது. அதைப் பிறகு யோசிக்கலாம் என்று ஒதுக்கினார்.

"பெல்ட்டு கெடக்கட்டும். நேத்து நான் வீரையாவைச் சொன்னேன். ஒன்னையக் கேட்டேன். நீ நின்னு, கையைத் துடைச்சிட்டு, ஆமான்னு சொன்ன. அது எதுக்குடா?"

சோலை குனிந்து ஸ்பானரை எடுத்துத் துடைத்தான். பிறகு, "வீரையாவுக்கு நான் இங்க காண்ட்ராக்டர்கிட்டச் சொல்லி ஜீப்பு ஓட்டற வேலை வாங்கித் தர்றேன். நீ கீழ ஒண்ணும் சொல்லிக்கிறாத அண்ணே. சொன்னா மெட்டுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் எவனும் எங்கிட்ட வண்டி விட மாட்டான்" என்றான்.

டீ வந்தது. ஜக்கையன் குடிக்கவில்லை. பஸ் வர நேரம் இருந்தது, அதற்காக நிற்காமல் மெட்டு வரைக்கும் நடந்தே போகிறவர் மாதிரி ரோட்டில் இறங்கி நடந்தார். வழியில் ஒரு தோட்டத்து ஜீப்பு ஏற்றிக்கொண்டது.

அன்று சாயங்காலமே வெள்ளைத்துரையின் மூட்டைகள் அடுக்கியிருந்த கிட்டங்கிக்குப் போனார். வெள்ளைத்துரை தட்டில் ஏலக்காயைப் பரப்பிப் பச்சையையும் வெளுத்ததையும் பிரித்துக்கொண்டிருந்தார். ஜக்கையன் இரண்டு பெல்ட்டுகளையும், அறுந்ததையும் பொட்டலத்தில் இருந்ததையும், அவர் முன்னால் வைத்தார். புள்ளியைக் காட்டினார். பல்லை எண்ணிக் காட்டினார்.

"பழசையே திரும்ப மாட்டியிருக்கு மொதலாளி. வீரையா மேல தப்பில்ல."

"யாரு மாட்டுனா?"

ஜக்கையன் வாயைத் திறந்தார். என் பட்டறையில் நடந்தது என்று சொல்லலாம் என வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். அப்படிச் சொன்னால் பழி தன் மேல் நிற்கும், தம்பி பிழைத்துக்கொள்வான்.

"எம் பட்டறையில..." என்று ஆரம்பித்தார்.

"பட்டறையா மாட்டுச்சு?" என்றார் வெள்ளைத்துரை. "மூட்டையில மேல பச்சையை வச்சுட்டு அடியில வெளுத்ததைப் போடறவன் இருக்கான். கையை உள்ள விட்டா நான் கண்டுபிடிச்சிருவேன். ஒன் மூடிக்குள்ள நான் எப்பிடிக் கையை விடுறது? ஒன் வாயைத்தான நம்புனேன்."

"தம்பிதான் மொதலாளி" என்றார் ஜக்கையன்.

வெள்ளைத்துரை தட்டைத் தள்ளி வைத்தார். ஆளனுப்பி வீரையாவைக் கூட்டி வரச் சொன்னார். வீரையா வந்தான். ஜக்கையன் எழுந்து நின்று நடந்ததை முதலிலிருந்து சொன்னார். வீரையா முழுக்கக் கேட்டான்.

"இங்கன சொல்லி என்னண்ணே? கிட்டங்கிக்குள்ள மூணு பேருதான் இருக்கோம். அன்னைக்கு நீங்க வாசல்ல அம்புட்டுப் பேரு முன்னாலதான சொன்னீங்க."

"எங்க சொல்லணும், சொல்லு."

"ஸ்டாண்டுல."

மறுநாள் காலை, தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற நேரத்தில், ஜக்கையன் ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போனார். சலவைச் சட்டை போட்டிருந்தார். அதைப் பார்த்து ஒருவன், "என்ன ஜக்கையண்ணே, தம்பிக்குப் பொண்ணு பாக்கவா?" என்றான்.

"வீரையா நியூட்ரல்ல வரல" என்றார் ஜக்கையன். சத்தம் கம்மியாக வந்தது. மறுபடியும் சொன்னார். "செகண்ட் கியர்லதான் வந்திருக்கான். பிள்ளைத்தாச்சிய அவன்தான் காப்பாத்தியிருக்கான். பெல்ட்டு பழசு. புதுசை மாட்டாம பழசை மாட்டுனது என் தம்பி சோலை. அதைப் பாக்காம வாயை விட்டது நான்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த ஜீப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. யாரும் சிரிக்கவில்லை. கேலி பேசினவன் ஜீப்பின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். ஜக்கையன் அந்த நிமிஷத்தில் தம்பியைத்தான் நினைத்தார். இந்த ஜீப்புகளில் பாதி மத்தியானத்துக்குள் பூப்பாறை போய்ச் சேர்ந்துவிடும். ஆட்களோடு சொல்லும் போய்ச் சேரும். பதினாலு வருஷம் போர்டில் ஏற்றி வைத்திருந்த பெயரை அவரே கொண்டுவந்து ரோட்டில் போட்டிருந்தார்.

அதற்குப் பிறகு எஞ்சின் வேலை. எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டைக் கழற்றினார். நாலு பிஸ்டனிலும் பிறை மாதிரி வடு. எட்டு வால்வில் அஞ்சு கோணியிருந்தது. மதுரையில் லேத்துக்காரர் ஒருவர் வேறு வண்டி வால்வைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு வால்வுக்கும் பசை தடவி, குச்சியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து, மோர் கடைகிற மாதிரி தேய்த்தார். எல்லாம் உட்கார்ந்த பிறகு மண்ணெண்ணெய் ஊற்றி வைத்து, ஒரு சொட்டுக் கசிகிறதா என்று பார்த்தார். நாலாவதில் கசிந்தது. மறுபடி கழற்றித் தேய்த்தார். முன்பெல்லாம் இந்த வேலையின்போது பக்கத்தில் சோலை பேசிக்கொண்டே இருப்பான். இப்போது தேய்க்கிற சத்தம் மட்டும் தகரத்தில் பட்டுத் திரும்பியது. போர்டை அவர் மாற்றவில்லை. சர்ட்டிபிகேட்டையும் கழற்றவில்லை. கண்ணாடியில் இருந்த கறையை மட்டும் ஒருநாள் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டார்.

நடுவில் ஒருநாள் மெட்டுப் பஸ்சின் கண்டக்டர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டியிருந்தது. மலையாளச் செய்தித்தாள். உள்ளே இரண்டு புள்ளி வைத்த பெல்ட்டு. சீட்டு எதுவும் இல்லை. ஜக்கையன் அதன் பல்லை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அஞ்சு மாசத்தில் எவ்வளவு ஓடியது, எப்படி ஓடியது என்று சொல்ல வேண்டியவன் சோலை. அதை ஆணியில் மாட்டிவிட்டு, பம்பாய்க்கு மறுபடியும் எழுதிப் போட்டார்.

கார்த்திகை பிறந்து பெல்ட்டு வந்தது. ஊசியைக் காய்ச்சி மூன்று புள்ளி வைத்தார். மாட்டினார். எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, பல்சக்கரங்களில் இருந்த குறிகள் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று பார்த்தார். மூடியைப் போட்டு, பலகையிலிருந்து ஆறு போல்ட்டுகளையும் கடைசியிலிருந்து எடுத்து முடுக்கினார். முதல் சாவியிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. சத்தம் சீராக இருந்தது.

வண்டியை எடுக்க வீரையா வந்தான். வெள்ளைத்துரை அவனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். ஜக்கையன் சாவியை நீட்டினார். வீரையா வாங்கவில்லை.

"மூடியைக் கழட்டுங்கண்ணே. பாத்துட்டு எடுக்கிறேன்."

பதினாலு வருஷத்தில் அந்தப் பட்டறையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் மாட்டினேன் என்றால் மாட்டினதுதான். ஜக்கையன் அவன் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை, பழி வாங்குகிற எண்ணமும் இல்லை. நாளைக்கு அதே வளைவில் இறங்கப் போகிறவன் கேட்கிற கேள்விதான் இருந்தது.

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பலகையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறு போல்ட்டுகளையும் மறுபடி கழற்றி வரிசையாக நிறுத்தினார். மூடியை எடுத்துவிட்டு நகர்ந்து நின்றார். புள்ளி கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் எஞ்சினைச் சுற்றிக் கொடுத்தார். வீரையா குனிந்து, விரல் நகத்தால் தடவினான்.

"ஒண்ணு" என்றான். "ரெண்டு. மூணு."

"பல்லையும் எண்ணிக்க" என்றார் ஜக்கையன். "நூத்திப் பதினேழு இருக்கணும்."

வீரையா எண்ண ஆரம்பித்தான். ஜக்கையன் பக்கத்தில் நின்று எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே இருந்தார்.